மரத்துக்கு எறும்பு காவலா? தோப்புக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு சின்னத் தோப்பு. பாதி எலுமிச்சை, பாதி மா, வேலியோரம் பூவரசும் முருங்கையும். மாமரங்களில் முசுறு (இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு) கட்டியிருக்கும் இலைக்கூடுகளை நான் கலைப்பதில்லை. உள்ளே வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். அடுத்த நிமிடம் கேள்வி தொடங்கிவிடும். காய் எடுக்க வரும் வியாபாரி, விடுமுறைக்கு வரும் சொந்தக்காரப் பிள்ளைகள், பக்கத்துத் தோட்டக்காரர் என்று ஆள் மாறுமே தவிர சந்தேகம் மாறாது. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. கேள்விகள் அவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. தென்காசி 2019இல் தனி மாவட்டமாகிவிட்டது, சரி. எனக்கு இன்னும் இது எல்லாம் திருநெல்வேலிச் சீமைதான். 'நம் ஊர்' என்று வரும் இடங்களில் அப்படியே படித்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி, எறும்பு மரத்த அரிக்கத்தான செய்யும்? அது எப்படிக் காவல் காக்கும்?

மரத்தை அரிப்பது கறையான். சிலர் அதை வெள்ளை எறும்பு என்பார்கள். ஆனால் அது எறும்புச் சாதியே இல்லை, கரப்பான்பூச்சிக்குச் சொந்தம். எறும்பு குளவிக்கும் தேனீக்கும் சொந்தம். கட்டையைத் தின்று செரிக்க எறும்புக்குத் தெரியாது. பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் பொந்தில் குடியேறும், அவ்வளவுதான்.

எறும்பு மரம் ஏறுவது சாப்பாட்டுக்கும் வீட்டுக்கும். இந்த இரண்டையும் ஒரு மரமே கொடுத்துவிட்டால், அந்த மரத்து இலையில் வாய்வைக்கும் புழு தன் சொத்தில் கைவைக்கிறது என்றுதான் எறும்பு நடந்துகொள்ளும். கடிக்கும், கொட்டும், பிடித்துத் தின்னும். நம் சீமையில் பாளையக்காரர் காலத்தில் ஊர்க்காவல், திசைக்காவல் என்று இருந்தது. ஊர் காவல்கூலி கொடுக்கும். காவல்காரர் களவுபோகாமல் பார்த்துக்கொள்வார். கூலி நின்றால் காவலும் நின்றுவிடும், சமயத்தில் களவே அங்கிருந்துதான் வரும். எறும்பு விஷயமும் ஏறக்குறைய அப்படித்தான். கீழே வரும் கேள்விகள் பாதிக்கு விடை இதிலேயே இருக்கிறது.

அப்படி மரம் என்ன கூலி கொடுக்குது? நமக்குத் தெரியலையே.

வேலியோரத்துப் பூவரசு இலை ஒன்றைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். காம்பு இலையைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில், நடுநரம்பின் மேல் நீளவாக்கில் ஒரு சின்னக் கீறல் தெரியும். இளம் இலையாக இருந்தால் அதில் பளபளவென்று ஈரம் நிற்கும். நாக்கில் வைத்தால் தித்திப்பு. பிஞ்சு இலைக்குப் பக்கத்தில் இரண்டு நிமிடம் நின்றால் போதும், ஒரு சிற்றெறும்பு வந்து அந்தக் கீறலில் வாய்வைத்து அசையாமல் நிற்பதைப் பார்க்கலாம். குடித்து முடித்ததும் போய்விடாது. இலையை ஒரு சுற்றுச் சுற்றும். மரத்துக்கு வேண்டியது அந்தச் சுற்றுதான்.

பூவுக்கு வெளியே சுரக்கும் தேன் இது. பூத்தேன் தேனீக்கு, இலைத்தேன் எறும்புக்கு. பருத்தி இலையின் அடி நரம்பிலும், ஆமணக்கு இலைக்காம்பின் மேல் மொட்டு மொட்டாகவும், ஆவாரையில் சிற்றிலைகளுக்கு நடுவிலும், தட்டாம்பயற்றில் பூக்காம்பிலும் இது உண்டு. இலையைப் புழு கடித்தால் பல செடிகளில் இந்தத் தேன் இன்னும் கூடுதலாகச் சுரக்கும். திருடன் வந்ததும் காவல்காரருக்குக் கூலியை உயர்த்திக் கூப்பிடுவது மாதிரி.

இது தினக்கூலி. வீடும் சோறும் சேர்த்துக் கொடுத்து நிரந்தரமாகவே வைத்துக்கொள்ளும் மரங்களும் வெப்ப நாடுகளில் இருக்கின்றன.

வீடு, சோறு எல்லாம் மரமே குடுக்குமா? எந்த ஊர்ல?

பேர்போனது நடு அமெரிக்காவின் மாட்டுக்கொம்பு வேலமரம். நம் கருவேலுக்குத் தூரத்துச் சொந்தம். முட்கள் இரண்டிரண்டாக, காளைக்கொம்பு போலவே பருத்து வளைந்திருக்கும். முள் பச்சையாக இருக்கும்போது ராணி எறும்பு நுனிப்பக்கம் ஒரு ஓட்டை போட்டு உள்ளே போய் முட்டையிடும். சூடோமிர்மெக்ஸ் என்ற மெலிந்த எறும்பு அது. குடும்பம் பெருகப் பெருக ஒவ்வொரு முள்ளாகக் குடியேறி, கடைசியில் மரம் முழுக்க ஆயிரக்கணக்கில் நிறைந்துவிடும். இலைக்காம்பில் தேன் கிண்ணம். சிற்றிலை ஒவ்வொன்றின் நுனியிலும் அரிசிக் குருணை மாதிரி ஒரு சத்துருண்டை, புரதமும் கொழுப்பும் சேர்ந்தது. எறும்பு அதைக் கிள்ளிக்கொண்டுபோய்ப் புழுக்குஞ்சுகளுக்கு ஊட்டும். அந்த உருண்டையால் மரத்துக்கு வேறு எந்தப் பிரயோசனமும் கிடையாது.

தென் அமெரிக்காவின் செக்ரோப்பியா மரத்தில் தண்டே மூங்கில் மாதிரிக் குழலாக இருக்கும், அதில் அஸ்டெக்கா எறும்பு. மலேசியப் பக்கம் மக்கராங்கா. ஆப்பிரிக்காவிலும் பல மரங்கள். குளிர் நாட்டில் இந்த அளவுக்கு ஏன் இல்லை என்றால், அங்கே இலையும் உதிர்ந்துவிடும், எறும்பும் மாதக்கணக்கில் உறங்கிவிடும். வருடம் முழுக்க வேலை இருந்தால்தானே நிரந்தர ஆள் கட்டுப்படியாகும்?

இத யாரு கண்டுபிடிச்சா? சும்மா கதையா இருக்கப் போகுது.

தாமஸ் பெல்ட் என்ற ஆங்கிலேயர் நிகராகுவாவில் தங்கச்சுரங்கத்தில் பொறியாளராக இருந்தவர். எறும்புகள் மரத்தின் படைவீரர்கள் என்று 1874இல் எழுதினார். மேலே சொன்ன சத்துருண்டைக்கு அவர் பெயர்தான். ஆனால் அவர் சொன்னது ஊகம். எறும்பு சும்மா ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, மரத்துக்கு லாபம் ஒன்றும் இல்லை என்று வாதாடியவர்கள் நிறையப்பேர். சண்டை கிட்டத்தட்ட 90 வருடம் நடந்தது.

தீர்த்துவைத்தவர் டேனியல் ஜான்சன். 1960களில் மெக்சிகோவில் சில வேலமரங்களிலிருந்து எறும்பை நீக்கிவிட்டு, எறும்புள்ள மரங்களோடு ஒப்பிட்டார். எறும்பு இல்லாதவற்றைப் பூச்சிகள் மொட்டையடித்தன, கொடிகள் மூடின, பல செத்தே போயின. எறும்புள்ள மரங்கள் தளதளவென்று வளர்ந்தன. 1966இல் வெளியானது. இன்னொன்றும் பிறகு தெரிந்தது: எறும்பு வைத்திருக்கும் வேலமரங்களின் இலையில், மற்ற வேலமரங்களில் இருக்கும் சயனைடு நஞ்சு இல்லை. ஆள் வைத்த பிறகு வாசலுக்குப் பூட்டு எதற்கு என்று விட்டுவிட்டது போல.

எறும்பு புழுவக் கடிக்கும், சரி. கொடிய என்ன செய்யும்?

அதையும் கடிக்கும். மரத்தைத் தொடும் கொடியின் நுனியையும், அடியைச் சுற்றி முளைக்கும் நாற்றுகளையும் சூடோமிர்மெக்ஸ் மென்று வெட்டிப்போடும். அந்த மரத்தடியில் வட்டமாக வெறுந்தரை தெரியும். வெயிலுக்குப் போட்டி இல்லை. காட்டுத்தீ வந்தாலும் அடியில் எரியச் சருகு இல்லை.

பெரு நாட்டு அமேசான் காட்டில் இது இன்னும் ஒரு படி மேல். ஒரே வகை மரம் மட்டும் நிற்கும் தோப்புகள் காட்டுக்கு நடுவே இருக்கும். அங்குள்ளவர்கள் அதைச் சாத்தான் தோட்டம் என்பார்கள். அதை உண்டாக்குவது எறும்பு என்று 2005இல் நிரூபித்தார்கள். வேறு செடி முளைத்தால் அதன் இலையில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சிக் கருக்கிவிடும். அதில் பெரிய தோட்டம் ஒன்றுக்கு வயது 800க்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். களைக்கொல்லி நாம் கண்டுபிடித்தது என்று இனிமேல் யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

யானையையே எறும்பு விரட்டுமாம்லா? நம்ம வாழைக்கு விட்டா என்ன?

விரட்டுவது உண்மை, ஆனால் கென்யாவில். அங்கே சீட்டி முள்மரம் என்று ஒரு வேல். முள்ளின் அடி நெல்லிக்காய் மாதிரி உருண்டு வீங்கியிருக்கும். எறும்பு போட்ட ஓட்டையில் காற்று புகுந்தால் விசில் சத்தம் வரும், அதனால் அந்தப் பெயர். யானை கிளையை ஒடித்ததும் எறும்புகள் துதிக்கைக்குள் ஏறிவிடும். துதிக்கையின் உட்பக்கம் ரொம்ப மெல்லிய தோல். அதனால் எறும்புள்ள மரத்தை யானை ஒதுக்கும். எறும்பை எடுத்துவிட்டுக் கொடுத்தால் சந்தோஷமாகத் தின்னும். 2010இல் சோதித்துப் பார்த்த விஷயம் இது.

நம் அடிவாரத்தில் வாழைக்கும் தென்னைக்கும் யானை வருகிறது, அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் வாழை எறும்புக்கு வீடும் கொடுப்பதில்லை, அப்படிக் கூலியும் கொடுப்பதில்லை. கொண்டுபோய் விட்டாலும் தங்காது.

நம்ம மலையில அந்த மாதிரி மரம் ஒண்ணுகூடவா இல்ல?

மேற்குத்தொடர்ச்சி மலையில் ஹம்போல்ட்டியா என்ற மரக்கூட்டம் இருக்கிறது. அதில் கர்நாடகம், வடகேரளப் பக்கம் வளரும் ஒரு வகையில் கிளைக்கணுக்களின் இடைப்பகுதி ஊதிக் குழலாகி, ஒரு ஓட்டையும் தானாகவே இருக்கும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் அதைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒரே காட்டில் சில மரத்தில் குழல் இருக்கும், சிலதில் இருக்காது. குடியிருப்பவர்களில் பலபேர் காவலே காப்பதில்லை. உருப்படியாகக் காப்பது ஒரு எறும்பு வகைதான், அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. சில குழல்களில் மண்புழுகூடக் குடியிருக்கிறது, மரத்துக்கு மேலே! அப்புறம் எதற்கு மரம் வீடு கட்டிவைக்கிறது என்றால், குடியிருப்பவர் போடும் கழிவிலிருந்து மரம் சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. காவல் கிடைக்காவிட்டாலும் வாடகை வந்துவிடுகிறது.

அகத்தியமலைப் பக்கமும் ஹம்போல்ட்டியாவின் வேறு வகைகள் உண்டு. எல்லாவற்றிலும் எறும்பு வீடு எதிர்பார்க்க வேண்டாம். சமவெளியில் நம் கருவேலுக்குக் குழல் முள் கிடையாது, ஆனால் இலைக்காம்பில் தேன் சுரப்பி உண்டு. அதாவது தினக்கூலி வகை.

காட்டில் நடக்கும்போது கிளையில் கறுப்பாகப் பந்து மாதிரி காகிதக்கூடு தெரிந்தால், அது வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு சின்ன எறும்பின் வீடு. செம்பழுப்பு மரங்கொத்தி அந்தக் கூட்டுக்குள்ளேயே பொந்து குடைந்து முட்டையிடும். காவல் நிலையத்திலேயே குடித்தனம்.

முசுறு கூடு எப்படிக் கட்டுது மாமா? பசையா?

பட்டு நூல். காலை வெயில் ஏறும் நேரத்தில் புதுக்கூடு கட்டுவதைப் பார்த்தால் கண் எடுக்க மனம் வராது. பத்து இருபது முசுறு வரிசையாக ஓர் இலையின் விளிம்பைக் காலால் பிடித்து, பக்கத்து இலை விளிம்பை வாயால் கவ்வி இழுக்கும். எட்டவில்லையென்றால் ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்விச் சங்கிலி போடும். விளிம்புகள் சேர்ந்ததும் உள்ளேயிருந்து வேறு சில முசுறுகள் வாயில் வெள்ளைப் புழு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரும். அது அவற்றின் குஞ்சு. நூல் சுரப்பது குஞ்சுக்கு மட்டும்தான், பெரிய எறும்பால் முடியாது. குஞ்சின் வாயை இந்த விளிம்பில் ஒரு தொடு, அந்த விளிம்பில் ஒரு தொடு. வீரவநல்லூர் தறியில் நாடா போய்வருவதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும்.

இலையைப் பறிக்காமல் மரத்தோடே வைத்துக் கட்டுவதால் கூடு பச்சையாகவே இருக்கும். ஒரே குடும்பம் பல மரங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கூடுகள் கட்டும். ராணி ஒரு கூட்டில்தான். பெரிய குடும்பத்தில் 5 லட்சம் வரை வேலைக்கார எறும்புகள் இருக்கும்.

பழந்தமிழில் இதற்கு முயிறு என்று பேர். வயலோரத்துப் பலாமரத்தில் முயிறு மொய்த்த கூட்டில் நாரை உரசியதும், எறும்பும் முட்டையும் செந்நெல்லில் வெள்ளரிசி கலந்தாற்போலக் கொட்டின என்று சங்கப்பாட்டு ஒன்று சொல்கிறது. கூட்டை ஒரு தடவையாவது தலையில் கொட்டிக்கொண்டவருக்கு அந்த உவமை எவ்வளவு சரி என்று தெரியும்.

இதத் திங்கவும் செய்வாவளாமே?

ஒடிசாவின் மயூர்பஞ்ச் பக்கம் சட்னி அரைக்கிறார்கள். 2024இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நான் தின்றதில்லை.

சரி, மாமரத்துல முசுறு இருந்தா நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

மாவில் நல்லது. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இலை தின்னும் மொட்டைப்புழு ஒன்றைக் கூடு இருக்கும் கிளையில் விடுங்கள். இன்னொன்றைக் கூடு இல்லாத மரத்தில் விடுங்கள். முதல் புழுவை ஒரு முசுறு தொட்டதும் வாலைத் தூக்கும், மணம் பரவும், நாலாபக்கமும் இருந்து வந்து ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்து நிற்கும். இரண்டாவது புழு பாட்டுக்கு இலையைத் தின்றுகொண்டிருக்கும்.

சீனாவின் தென்பகுதியில் ஆரஞ்சுத் தோப்புக்காரர்கள் முசுறுக் கூடுகளைச் சந்தையில் விலைக்கு வாங்கிக் கட்டினார்கள். மரத்துக்கு மரம் போய்வர மூங்கில் கழி வைத்தார்கள். கி.பி. 304ஆம் ஆண்டினது என்று சொல்லப்படும் குறிப்பிலேயே இது வருகிறது. இந்தக் காலத்தில் வட ஆஸ்திரேலியாவில் முந்திரியில் தேயிலைக்கொசுவை (பேர்தான் கொசு, சாறுறிஞ்சும் நாவாய்ப்பூச்சி அது) கட்டுப்படுத்த முசுறு பயன்பட்டது. நம் தேரிக்காட்டு முந்திரிக்கும் தேயிலைக்கொசுதான் பெரிய எதிரி. ஆப்பிரிக்காவின் பெனினில் முசுறின் சொந்தக்கார வகை மாம்பழ ஈயைக் குறைத்தது. பிடித்துத் தின்பதால் மட்டும் குறையவில்லை. எறும்பு நடந்த பழத்தில் அதன் வாடை ஒட்டியிருந்தாலே ஈ முட்டையிடத் தயங்கும்.

நல்லதுன்னு சொல்லுதீய. மாவுப்பூச்சிய வளர்க்குறதே அந்த எறும்புதான?

ஆமாம். நான் மறைக்கவில்லை, கேள்வி வரட்டும் என்று இருந்தேன். மாவுப்பூச்சி, அசுவினி, செதில்பூச்சி எல்லாம் மரச்சாற்றை உறிஞ்சி இனிப்பாகக் கழியும். எறும்புக்கு அது கறவை மாடு. மேய்க்கும், எதிரியை அண்டவிடாது, சமயத்தில் தூக்கிக்கொண்டுபோய்ப் புதுத் தளிரில் விடும். இனிப்பு சிந்திய இலையில் கரும்பூஞ்சணம் படரும். கூலியைக் களவுகாரன் கூட்டிக் கொடுத்தால் காவல் அந்தப் பக்கம் சாய்கிறது.

அதனால் கணக்குப் பார்க்க வேண்டும். முசுறு சாறுறிஞ்சிகளையும் மேய்க்கும், ஆனால் புழு, வண்டு, நாவாய்ப்பூச்சி என்று மற்றதையெல்லாம் அடித்து நொறுக்கும். மாவில் மொத்தத்தில் லாபம். எலுமிச்சையில் வரிசையாக ஏறும் சின்னக் கறுப்பெறும்புக்கு மேய்க்க மட்டும்தான் தெரியும், சண்டைக்கு நிற்காது. அங்கே நான் அடிமரத்தில் துணி சுற்றி மேலே கிரீஸ் தடவிவிடுவேன், மண்ணைத் தொடும் கிளைகளைக் கழித்துவிடுவேன். எறும்பு ஏறாவிட்டால் பொறிவண்டு வந்து அசுவினியைப் பார்த்துக்கொள்ளும். எறும்புக்கே மருந்தடிப்பது வீண் வேலை என்பது என் கட்சி.

பூவுக்கு வர்ற தேனீயக் கடிச்சுட்டா காய் எப்படிப் பிடிக்கும்?

மரங்கள் இதற்கும் வழி வைத்திருக்கின்றன. ஆப்பிரிக்க வேலமரம் ஒன்றில், புதுப்பூ மகரந்தம் கொட்டும் நேரத்தில் எறும்புக்குப் பிடிக்காத வாடையை விடும். அந்த நேரம் எறும்பு பூவை அண்டாது, தேனீ வந்துபோகும். வாடை அடங்கியதும் எறும்பு திரும்பிவந்து, பிஞ்சு பிடிக்கிற பூவைக் காக்கும். 1997இல் இதைக் கண்டுசொன்னார்கள்.

முசுறு அவ்வளவு பவ்வியம் இல்லை. பூவில் ஒளிந்திருந்து தேனீயைப் பிடிக்கவும் செய்யும். ஆனால் பயப்படுவது சின்னத் தேனீக்கள்தான். கடகடவென்று வரும் கருவண்டுத் தேனீ சட்டைசெய்யாது. சில செடிகளில் சின்னவை ஒதுங்கியதால் பெரியவை கூடுதலாக வந்து காய்ப்பு நன்றாகவே இருந்திருக்கிறது.

வேலமரத்து எறும்பு ஏன் வேற மரத்துக்குப் போகாம அங்கயே கிடக்குது? விசுவாசமா?

விசுவாசம் என்று நானும் நினைத்திருந்தேன். விஷயம் கொஞ்சம் வில்லங்கமானது. சாதாரண சர்க்கரையைச் செரிக்க இன்வெர்டேஸ் என்ற நொதி வேண்டும். மெக்சிகோ வேலமரம் தன் தேனில் அந்தச் சர்க்கரையை முன்கூட்டியே உடைத்துத்தான் கொடுக்கிறது. கூடவே அதே தேனில் இன்னொரு பொருளும் கலந்திருக்கிறது. கூட்டிலிருந்து வெளிவந்த இளம் எறும்பு அதை முதல்தடவை குடித்ததும், அதன் வயிற்றில் இருக்கும் இன்வெர்டேஸ் வேலைசெய்யாமல் போய்விடும். அப்புறம் வேறு எங்கே போனாலும் சாதாரணத் தேன் அதற்குச் செரிக்காது. முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவதை நம் ஊரில் பார்த்திருக்கிறோம். 2014இல் இது வெளியானபோது, மரம் அப்பாவி என்ற என் எண்ணமும் போய்விட்டது.

எறும்புலயும் டூப்பு உண்டா?

தாராளமாக. வேலமரத்து முள்ளில் குடியிருந்து தேனும் உருண்டையும் தின்று, புழு வந்தால் முள்ளுக்குள் ஒளிந்துகொள்ளும் எறும்பு வகை இருக்கிறது. கென்யா மரத்தில் ஒரு எறும்பு தேன் சுரப்பியையே கடித்து அழிக்கும். பக்கத்துப் பலசாலிக் கூட்டம் தேனுக்காக இந்த மரத்தைப் பிடிக்கக் கூடாதாம். இன்னொன்று மொட்டையெல்லாம் கிள்ளிவிடும். மரம் பக்கவாட்டில் பரந்து பக்கத்து மரத்தைத் தொட்டால் எதிரி வந்துவிடும் என்ற பயம். காவல் நன்றாகவே காக்கும், ஆனால் மரம் பூக்காது.

எறும்பு அல்லாத டூப்பும் உண்டு. மெக்சிகோவில் ஒரு குதிக்கும் சிலந்தி, எறும்பின் கண்ணில் படாமல் தாவித்தாவிப் போய்ச் சத்துருண்டையைத் திருடித் தின்கிறது. உலகத்தில் சைவச் சிலந்தி என்று சொல்லும்படி இருப்பது அதுதான்.

யானை, ஒட்டகச்சிவிங்கி எதுவுமே வரலைன்னா மரம் இன்னும் நல்லாத்தான இருக்கும்?

எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். கென்யாவில் 10 வருடம் வேலி போட்டு மிருகங்களை விலக்கிப் பார்த்தார்கள். கடிக்க ஆள் இல்லாததால் மரம் கூலியைக் குறைத்தது: வீங்கிய முள்ளும் குறைவு, தேனும் குறைவு. நல்ல காவல் எறும்பு நலிந்து, செதில்பூச்சி மேய்க்கத் தொடங்கியது. அந்த இடத்தைச் சண்டை போடாத வேறொரு எறும்பு பிடித்தது. அது முள்ளில் குடியிருப்பதில்லை. தண்டைத் துளைக்கும் வண்டு போட்ட பொந்தில்தான் இருக்கும், அதனால் வண்டு வந்தால் அதற்குக் கொண்டாட்டம். மரங்கள் மெதுவாக வளர்ந்தன, கூடுதலாகச் செத்தன. 2008இல் வெளியான ஆய்வு.

அதே நாட்டில் இன்னொரு சங்கிலியும் நடந்தது. பெருந்தலை எறும்பு என்ற வந்தேறி எறும்பு, முள்மரத்து எறும்புகளைக் கொன்று தீர்த்தது. காவல் போனதும் யானைகள் மரங்களை ஒடித்தன. காடு வெட்டவெளியானது. மறைந்திருந்து பாயும் சிங்கத்துக்கு மறைவிடம் இல்லை. 2003இல் சிங்கம் கொன்ற இரைகளில் 67 சதவீதம் வரிக்குதிரை. 2020இல் அது 42 சதவீதம். சிங்கங்கள் பாவம், காட்டெருமையோடு மல்லுக்கட்டப் போய்விட்டன. 2024இல் இது வெளிவந்த அன்று தோப்பில் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னேன். வியாபாரி ஒருவர் மட்டும், "அப்போ எலுமிச்ச விலை என்ன ஆகும்?" என்று கேட்டார்.

எங்க முருங்கைல எறும்பும் ஓடுது, கம்பளிப்பூச்சியும் மொய்க்குது. இது என்ன காவல்?

முருங்கை இலைக்காம்பிலும் தேன் சுரப்பி இருக்கிறது, எறும்பும் வருகிறது. ஆனால் அது சிற்றெறும்பு. கம்பளிப்பூச்சியோ உடம்பெல்லாம் மயிர், அதுவும் அடிமரத்தில் கும்பலாக அப்பிக் கிடக்கும். எறும்பின் வாய் தோலைத் தொடவே முடியாது. முட்டையிலும், பொரிந்து வந்த குஞ்சிலும்தான் எறும்பால் ஏதாவது செய்ய முடியும். வளர்ந்த கும்பலை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். காவல் என்றால் முழுப்பாதுகாப்பு என்று எங்கேயும் அர்த்தம் இல்லை.

ஒண்ணு பாக்க முசுறு மாதிரியே இருக்கு, கையில விட்டா கடிக்கல, நூல் விட்டுத் தொங்குது?

காலை எண்ணுங்கள். எட்டு இருந்தால் அது முசுறு வேடம் போட்ட சிலந்தி. முன்காலை மீசை மாதிரி தூக்கி ஆட்டிக்கொண்டே நடக்கும். முசுறுக்குப் பயந்து மற்றவை ஒதுங்குவதால் இதுக்கும் பாதுகாப்பு.

மாங்கா பறிக்க ஏறணுமே. கடி வாங்கிட்டே பறிக்கவா?

முசுறுக்குக் கொடுக்கு இல்லை. கடித்துவிட்டு அந்த இடத்தில் வாலை வளைத்து அமிலத்தைப் பீய்ச்சும், அதுதான் எரிச்சல். தண்ணீரில் கழுவினால் அடங்கும். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கை, காலில் சாம்பலை அப்பிக்கொண்டு ஏறினால் பிடி வழுக்கி அவ்வளவாக ஏறாது. நீளக் கழியில் வலை கட்டிக் கீழே நின்று பறிப்பது இன்னும் நல்லது. பறிக்கும் நேரத்துக்காகக் கூட்டைக் கொளுத்த வேண்டாம்.

மரத்தில் தனியாக ஓடும், தலையும் வாலும் கறுப்பு, நடுவில் சிவப்பாக இருக்கும் மெலிந்த எறும்பு வேறு. மேலே சொன்ன சூடோமிர்மெக்ஸுக்கு நம் பக்கத்து உறவுக்காரர் அது. அதற்குக் கொடுக்கு உண்டு. கொட்டியபின் மூச்சுத்திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்தால் பாட்டி வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்போ உங்க தோப்புல நாலு கூடு வெட்டிக் குடுங்க, எங்க மரத்துல கட்டிக்கிடுதேன்.

கொடுப்பதில் வருத்தம் இல்லை, பிரயோசனம் இருக்காது. ராணி இல்லாத கூட்டைக் கொண்டுபோனால் கொஞ்ச நாளில் ஆள் குறைந்து காலியாகிவிடும். ராணி எந்தக் கூட்டில் என்பது எனக்கும் தெரியாது. உங்கள் தோட்டத்தில் ஏற்கெனவே வேறு முசுறுக் குடும்பம் இருந்தால் இரண்டும் அடித்துக்கொண்டு சாகும். ஒரு மரத்துக்கு ஒரு குடும்பம்தான். உங்கள் பக்கமே முசுறு இருந்தால் மருந்தடிப்பதை நிறுத்திவிட்டு, மரத்துக்கு மரம் ஒரு கயிறு கட்டிவிடுங்கள். அதுவே நடந்துபோய்ப் பிடித்துக்கொள்ளும். இரண்டு குடும்பம் இருந்தால் நடுவில் கயிறும் கூடாது, கிளை தொடவும் கூடாது.

இன்னொன்று: தெரியாத எறும்பை எங்கிருந்தும் கொண்டுவராதீர்கள். திண்டுக்கல் பக்கம் கரந்தமலையில் 2022இல் மஞ்சள் பைத்திய எறும்பு பெருகி, அடிவாரத்து ஊர்களில் ஆடுமாடுகளின் கண்ணைக் கெடுத்தது. அது மேய்க்கும் மாவுப்பூச்சியும் அசுவினியும் செழிக்கும். மற்ற எறும்பெல்லாம் அழியும். நாற்று வாங்கும்போது தொட்டி மண்ணில் நீளக்காலோடு மஞ்சளாக, திசை தெரியாததுபோல் அங்குமிங்கும் ஓடும் எறும்பு இருந்தால் அந்த நாற்றை நர்சரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.